அகல்கோண வில்லையும் லயன் காம்பராவும்

ஒளிப்படம் பொய் கூறாது என்பது பலரது நம்பிக்கை. கண்ணாடியும் கணிதமும் கூடி ஆக்கிய ஒன்றில் மனிதரின் விருப்பு வெறுப்புக்கு இடமேது என அவர்கள் வினவுவர். இந்நம்பிக்கையைச் சோதித்தறியத் தெஹியோவிட்டவைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயன் காம்பரா மிகப் பொருத்தமான களமாகும். லயன் காம்பராவின் அளவு பொதுவாக 10 அடிக்கு 12 அடி என்பர். அதனுட் புகுந்து படம்பிடிப்பவர் பின்வாங்க இடமின்றிச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறார். அகல்கோண வில்லையை நாடுகிறார்.

எத்துணை அகலம் வேண்டும்? இது எளிய கணக்கே. 36 மி.மீ. அகலமுள்ள படச்சட்டத்தில், 50 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லை 11 அடிக்கு அப்பாலுள்ள சுவரில் ஏறத்தாழ 8 அடியைக் காட்டும். 35 மி.மீ. வில்லை 11 அடிக்குச் சற்று மேலும், 24 மி.மீ. வில்லை 16½ அடியும் காட்டும். ஆகவே, 10 அடிச் சுவருக்கு 35 மி.மீ. வில்லையே போதுமானது. அதனினும் அகன்றதை எடுப்பவர் தேவையால் எடுக்கிறாரா, கவர்ச்சியால் எடுக்கிறாரா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

திரிபு இருவகைப்படும். முதலாவது வில்லையின் குறையால் நேர்வது. நிரை நிரையாக நிமிர்ந்து நிற்கும் இறப்பர் மரங்கள், படத்தின் ஓரத்தில் பீப்பாய்ப் பலகைபோல் வளைந்து தோன்றும். நடுத்தடுப்பின் இருமருங்கும் ஒத்த வில்லைகளை அமைத்தால் ஒன்றின் வளைவை மற்றது ஈடுசெய்யும் என்பதை 1866 இல் செருமனியில் ஸ்ரைன்ஹைலும் இங்கிலாந்தில் டால்மையரும் தனித்தனியே செயலிற் காட்டினர். இன்றோ கைபேசியே இவ்வளைவைக் கணித்து நேராக்கிவிடுகிறது.

இரண்டாவது, குறையற்ற வில்லையிலும் நேர்வது. கோடுகளை நேராக வைத்திருப்பதற்கு விலையாக, ஓரத்திலுள்ள உருவங்கள் இழுபடுகின்றன. 24 மி.மீ. வில்லையின் பக்க ஓரம் நடுவிலிருந்து ஏறத்தாழ 37 பாகை விலகியுள்ளது. அங்குள்ள உருண்டையான பானை, தன் உயரத்தினும் கால்மடங்கு அகன்று காணப்படும். பானைக்கு நேர்வது அங்கு அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்துக்கும் நேரும்.

ஆயினும், பெருந்தீங்கு முகத்திலன்று, அறையிலேயே விளைகிறது. 24 மி.மீ. வில்லையால் எடுத்த படத்தைப் பத்து மடங்கு பெருக்கினால், அதனை 24 செ.மீ. தூரத்தில் வைத்து நோக்கும்போதே அறையின் ஆழம் உள்ளவாறு தோன்றும். நாமோ ஒரு முழத்துக்கு அப்பால் வைத்து நோக்குகிறோம். அப்போது எதிர்ச்சுவர் எங்கோ விலகிப் போகிறது, காம்பரா கூடமாகிறது! கோடுகள் யாவும் நேராயிருப்பதால் காண்பவர்க்கு ஐயமும் எழுவதில்லை. குடியிருப்பின் நெருக்கடியைக் காட்டவென்று எடுத்த படமே, இடம் தாராளமாக உண்டு என்று சாட்சி சொல்லிவிடுகிறது. வீடமைப்பைத் தீர்மானிப்போர் தோட்டத்தைப் பெரும்பாலும் படத்திலேயே காண்கின்றனர் என்பதை எண்ணுங்கால், இது கலைநுட்பச் சிக்கல் மாத்திரமன்று என்பது விளங்கும்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. கருவியைக் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ சாய்த்தால், தூக்குநூலுக்கு நிற்கும் சுவர்கள் சரிந்து விழுவனபோல் தோன்றும். இரக்கத்தைத் தூண்ட இத்தந்திரத்தைக் கையாள்வோர், உண்மையான குறையையும் நம்பத்தகாததாக்கி விடுகின்றனர்.

ஆகவே கொள்ளத்தக்க நெறி யாது? போதுமான அளவுக்கு மேல் அகன்ற வில்லையைத் தவிர்த்தல், கருவியை மட்டமாகப் பிடித்தல், மாந்தரை ஓரத்தில் நிறுத்தாமை, அளவறிந்த கதவையோ கட்டிலையோ படத்துட் கொணர்தல் என்பனவே அது. ஒரு படத்தில் அடங்காததை இரு படங்களாக எடுக்கலாம். எல்லாவற்றையும் அடக்கினாற்றான் படம் என்பதுமில்லை. 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கரெட் கமரன், ஒரு முகத்தாலேயே சட்டத்தை நிறைத்த படங்களாற் புகழெய்தியவர்.

சுவர் சட்டத்துக்குள் அடங்காது வெட்டுண்டு போனால் போகட்டும். விலகி நிற்க இடமில்லாத அறை அது என்பதற்கு அவ்வெட்டே தக்க சான்றாகும்.