முதலாளியின் ஞாபகம்

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துபவரின் பொழுது சாயப்பட்டறைக்கும் பிரின்டிங்குக்கும் போன் பேசியே கரைகிறது. நடுவில் 7-ஆம் தேதி டிடிஎஸ், 15-இல் பி.எஃப்., மாதத் தாக்கல் என்றால் 11-இலும் 20-இலும் ஜிஎஸ்டி. ஒவ்வொன்றும் சின்ன வேலை; எல்லாவற்றையும் மறக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. நல்ல நிர்வாக உதவியாளர் வாங்கிக்கொள்வது அந்த ஞாபகத்தை. “சாயத்துணி வரலைங்க” என்று வந்து நிற்பது வெறும் சேதி. “வியாழக்கிழமைதான் வருமுங்க. கட்டிங்க வெள்ளிக்கு மாத்திட்டேன். பையருக்கு மெயில் அடிச்சு வெச்சிருக்கேன், பாத்துட்டு அனுப்பிருங்க” என்பதில்தான் கைத்திறமை தெரிகிறது.

இன்னொரு சம்பளமா என்பார்கள். ஆர்டர் பிடிக்க வேண்டிய நேரத்தில் முதலாளி கூரியர் ரசீது தேடுவதும் செலவுதான். எந்தக் கணக்கிலும் ஏறாததால் இலவசம்போல் இருக்கிறது. பணத்தை நம்பி விடுவதா என்றால், விடவே வேண்டாம்: நிறுவனக் கணக்குகளில் ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் ஒப்புதல் தரும் வசதியை வங்கிகளே தருகின்றன. ‘சொல்லிக்கொடுப்பதற்குள் நானே முடித்துவிடுவேன்’ என்பதுதான் வலுவான வாதம். முதல் மாதம் அது முழு உண்மை. ஆனால் ஜிஎஸ்டி அடுத்த மாதமும் வருமே.