புனைவுக்கும் ஓர் இஸ்னாத் வேண்டும்

வரலாற்றுப் புதினம் எழுதுவோர் கற்பனைக்கு உரிமை கோருவது நியாயமே. அவ்வுரிமையின் எல்லை எது என்பதே வினா.

கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுத ஓவியர் மணியத்துடன் இலங்கை சென்று களங்களை நேரில் கண்டார். சோழர் வரலாற்றறிஞர்களின் நூல்களைப் பயின்றார். அத்தகைய உழைப்பாளியின் படைப்பிலும் அரபுக் குதிரை வணிகர்கள் முரடர்களாகவே தோன்றி மறைகின்றனர். சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் அமீர் என்னும் அரபியர் வீரர், ஆயினும் நாயகனின் துணைவர் என்ற இடத்தைக் கடப்பதில்லை. காரணம் வெறுப்பன்று. மன்னர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு; வணிகர்க்கு அவை அரிது. சான்று நின்ற இடத்தில் ஆய்வும் நின்றது. எஞ்சியதை வழக்கமான சாயல் நிரப்பியது.

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டைக் களமாகக் கொள்ள விழையும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பேரிரைச்சலுக்கு அப்பால் ஒதுங்கிக் கிடக்கும் அவ்வூரில், 1613இல் ஒல்லாந்தர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். மக்கள் வாயில் வழங்கிய ‘ஒல்லாந்தர்’ என்ற சொல்லை விடுத்து, பாத்திரங்களை ‘டச்சுக்காரர்’ எனப் பேசவைத்தாலே காலம் பிறழ்கிறது. மலாய் மக்கள் கைலியைக் ‘காயின் பெலிக்காட்’ என்றழைப்பது இவ்வூர்ப் பெயரால்தான். அத்துணியை நெய்தவர் யார், கப்பலேற்றியவர் யார், கடன் கொடுத்தவர் யார் என்று வினவும் எழுத்தாளர்க்கு, அரசவை காட்டாத ஓர் உலகம் திறக்கும்.

அதே துறைமுகத்திலிருந்து, 1620களில் தொடங்கி, மனிதர்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பஞ்சம் பலரை அந்நிலைக்குத் தள்ளியது. துணியின் பெருமையை மட்டும் பாடி இதனை மறைக்கும் புதினம், எத்துணை இனிய நடையிலமைந்தாலும், பாதி உண்மையே. நம் முன்னோரின் செல்வத்தைப் போற்றும் ஆர்வத்தில் நாமும் அப்பிழையைச் செய்யலாகாது.

ஹதீஸ் கலையினர் செய்தியை மட்டுமன்றி, அதைச் சொன்னவரையும் ஆராய்ந்தனர். மக்களை உருக்கும் நோக்கில் ஆதாரமற்றவற்றைக் கூறிய கதைசொல்லிகளைக் குறித்து இப்னுல் ஜவ்ஸி தனிநூலே யாத்தார். அவர் கதை சொல்வதையே வெறுத்தவரல்லர். தாமே புகழ்பெற்ற சொற்பொழிவாளர். புதின ஆசிரியரிடம் அறிவிப்பாளர் வரிசையை யாரும் கேட்கப்போவதில்லை. எனினும், ‘இதை எவரிடமிருந்து பெற்றேன், அவர் எதை மறைத்திருக்கக்கூடும்?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் எழுத்தாளர், ஒல்லாந்தக் கும்பினியின் கணக்கேட்டில் வெறும் எண்ணாக நிற்பவரிலும் ஒரு மனிதரைக் காண்பார். அம்மனிதருக்கு முகம் தருவதே கற்பனையின் கடமை.