கையிலே வாள், காலிலே விலங்கு!

கடற்கொள்ளைக்காரி! பெயரைக் கேட்டதுமே கொட்டகை நிறையும். பாய்மரக் கப்பல், பளபளக்கும் வாள், ஆடவரை ஆட்டிப்படைக்கும் அணங்கு! ஹாலிவுட்டார் அள்ளித் தந்த காட்சிகள் இவை. காட்சியை வியந்தது போதும், கருத்தை ஆராய்வோம்.

1951-இல் வந்த 'ஆன் ஆஃப் தி இண்டீஸ்' படத்திலே ஜீன் பீட்டர்ஸ் கப்பல் தலைவி. முரட்டு மாலுமிகள் அவள் சொல்லுக்கு அடங்குகின்றனர். முடிவு? பிரெஞ்சுக்காரன் ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள், ஏமாற்றப்படுகிறாள், அவனும் அவன் மனைவியும் வாழத் தான் மாள்கிறாள். மறு ஆண்டு வந்த 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஃபிளாக்ஸ்' படத்திலே மொரீன் ஓஹாரா கப்பலுக்கே உரிமையாளர். எர்ரல் ஃபிளின் வருகிறார்; படம் முடியும்போது அவள் அவருடைய காதலி, அவ்வளவே! முதற்காட்சியில் கொடுத்த வாளை இறுதிக் காட்சியில் பிடுங்கும் தந்திரம் இது. சாவு அல்லது தாலி! நம் புராணிகர் பெண்ணுக்குக் காட்டிய வழியும் இவை இரண்டுதானே?

இவற்றுக்கு முன்பே, 1936-இல், சாந்தாராம் இயக்கிய 'அமர் ஜோதி' வேறொரு கேள்வியை எழுப்பியது. துர்கா கோட்டே ஏற்ற சௌதாமினி பொன்னாசையால் கடலேறவில்லை. பெற்ற பிள்ளைமீது தாய்க்கு உரிமையில்லை என்றது நாட்டின் நீதி, ஆதலால் கொள்ளைக்காரியானாள். கதை கற்பனை, காரணம் கற்பனையன்று. 1956-ஆம் ஆண்டின் இந்துக் காப்பாளர் சட்டமும் தந்தைக்குப் பின்னரே தாய் என்றது. அச்சொல்லின் கடுமையை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 1999-இல், கீதா ஹரிஹரன் வழக்கிலேதான்!

நம்மவர் படைப்பாயினும் குறையைக் குறை என்போம். 'கேப்டன் பிளட்' கதையைத் தழுவி 1965-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' அடிமைத்தளை அறுக்கும் அருமையான படம். ஆனால் விடுதலைக் கப்பலை ஓட்டியோர் ஆடவர். ஜெயலலிதாவின் பூங்கொடியோ காதலிக்கப்படும் இளவரசி. ஆண்டானை எதிர்த்த கதை, ஆணாதிக்கத்தை எதிர்க்க மறந்தது ஏன்?

ஏரல் தோழர்களே! உங்கள் பக்கத்து ஊர் கொற்கை, பாண்டியரின் முத்துத்துறை. முத்தின் புகழ் ஏடுகளில் நிறைந்திருக்கிறது; அக்கரையிலே உழைத்த பெண்களின் பெயர் எங்கே? பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமெனச் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு முழங்கியது 1929-இல். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். அறுபது ஆண்டுகள்!

ஆகவே, திரையிலே வாளேந்தும் வனிதையைக் கண்டால் கைதட்டுவதற்கு முன் கேளுங்கள்: கப்பல் யார் பெயரில் இருக்கிறது? பிள்ளை யாருக்கு உரியது? திரை விழும்போது வாள் யார் கையில்? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் படமே புரட்சிப் படம். ஏனையவை வெறும் வேடிக்கை.