வாய்தாக்களின் த்ரில்லர்: ‘டார்க் வாட்டர்ஸ்’ படத்தை எப்படி ரசிப்பது?

வாய்தா என்ற சொல்லின் எடை கோர்ட் வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். பாதகமான தீர்ப்பு வந்தால்கூட ஒருநாள் அழுது தீர்த்துவிடலாம். அடுத்த தேதி, அதற்கடுத்த தேதி என்று இழுக்கும்போதுதான் ஆள் உள்ளுக்குள் தேய்ந்துபோகிறான். டாட் ஹெய்ன்ஸ் இயக்கி 2019-இல் வெளியான ‘டார்க் வாட்டர்ஸ்’ அந்தத் தேய்மானத்தைப் படமாக்கியிருக்கிறது. சட்ட த்ரில்லர் என்று கேள்விப்பட்டு, சாட்சிக் கூண்டில் அனல் பறக்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். முதல்முறை பார்த்தபோது பாதியில் மணி பார்த்தேன். இந்தப் படத்தில் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பது இரண்டாம் முறைதான் பிடிபட்டது.

நடந்த கதை இது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஒகையோ ஆற்றங்கரையில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊர். டெஃப்லான் தயாரிக்கும் டூபாண்ட் ஆலைதான் அங்கே பலருக்குச் சோறு போடுகிறது. வில்பர் டெனன்ட் என்ற விவசாயியின் நிலத்துக்குப் பக்கத்தில் அந்த நிறுவனம் கழிவு கொட்டும் கிடங்கு அமைக்கிறது. அங்கிருந்து வரும் ஓடையில் தண்ணீர் குடித்த மாடுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. 1998-இல் அவர் சின்சினாட்டியில் ராப் பிலாட் என்ற வக்கீலைப் பிடிக்கிறார். பிலாட்டின் பாட்டி அந்தப் பக்கத்துக்காரர் என்பதுதான் அறிமுகம். பிலாட்டோ ரசாயன நிறுவனங்களின் சார்பில் வாதாடும் பெரிய அலுவலகத்தில் அப்போதுதான் பங்குதாரர் ஆனவர். அவராக மார்க் ரஃபலோ நடிக்கிறார்.

முதலில், திரையில் எழுத்தாக வரும் ஆண்டுகளைக் கவனியுங்கள். பல படங்களில் அது வெறும் தகவல், படித்துவிட்டு மறந்துவிடுவோம். இங்கே ஒவ்வொரு ஆண்டும் ஓர் அடி. புது ஆண்டு வரும்போதெல்லாம் இரண்டு விஷயங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: வழக்கு எவ்வளவு நகர்ந்திருக்கிறது, பிலாட்டின் தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது. ரஃபலோ குரலை உயர்த்தும் இடங்கள் மிகக் குறைவு. தலையைச் சற்றுக் குனிந்து, தான் இருப்பதே பிறருக்குத் தொந்தரவு என்பதுபோல் நடக்கிறார். அந்தக் குனிவு படம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகரிக்கிறது. ஓரிடத்தில் அவர் சுருண்டு விழும்போது நமக்கு அதிர்ச்சியைவிட, இத்தனை நாள் எப்படித் தாங்கினார் என்ற எண்ணமே வருகிறது.

அடுத்தது காகிதம். படத்தின் உச்சக்காட்சி எது என்று கேட்டால், ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கும் காட்சியைத்தான் சொல்வேன். அமெரிக்க சிவில் வழக்கில் எதிர்த்தரப்பு தன் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். மறைக்க முடியாதபோது நிறுவனங்கள் கையாளும் வழி, கேட்டவர் மூழ்கிப்போகும் அளவுக்குக் கொட்டிவிடுவது. பிலாட்டுக்கு வந்தவை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பக்கங்களுக்கும் மேல். அவர் ஒவ்வொன்றையும் தேதிவாரியாக அடுக்குகிறார். அப்படி அடுக்கியதால்தான் கதை புலப்படுகிறது. 1961-லேயே விலங்குச் சோதனையில் ஈரல் பாதிப்பு தெரிந்திருக்கிறது. 1981-இல் கர்ப்பிணித் தொழிலாளிகள் ஏழு பேரின் குழந்தைகளில் இருவருக்குக் கண்ணில் குறைபாடு. 1984-இல் நிறுவனமே சத்தமில்லாமல் ஊர்க் குடிநீரைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. கத்தியோ துப்பாக்கியோ இல்லாமல், ஒரு தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு தேதியை வைத்தே மயிர்க்கூச்செறிய வைக்கிறார் ஹெய்ன்ஸ்.

இந்தக் காட்சிகளை முழுதாக அனுபவிக்க ஒரு சட்டநுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் பி.எஃப்.ஓ.ஏ என்ற பெயரைப் பிலாட் தேடுகிறார். அரசு கட்டுப்படுத்தும் பொருட்களின் பட்டியல் எதிலும் அது இல்லை. எட்டு கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி என்பதால் ஆலைக்குள் அதற்கு சி-8 என்று பெயர். டெஃப்லான் தயாரிக்க அப்போது உதவிய பொருள். உடலுக்குள் போனால் லேசில் வெளியேறாது. 1976-இல் அமெரிக்கா நச்சுப்பொருள் சட்டம் கொண்டுவந்தபோது, ஏற்கனவே புழக்கத்தில் இருந்த ரசாயனங்களைச் சோதனையின்றி அப்படியே விட்டுவிட்டது. ஆபத்து என்றால் அதற்கான ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரமோ தயாரிப்பவரின் அலமாரியில். சட்டத்தில் பெயரே இல்லாத ஒன்றை வைத்து எப்படிப் பிராது கொடுப்பது? படத்தின் உண்மையான மர்மம் இந்தக் கேள்விதான். பின்னால் ஒரு காட்சியில் மாநில அரசு, தண்ணீரில் நூறு கோடிக்கு 150 பங்குவரை பாதுகாப்பானது என்று அறிவிக்கிறது. நிறுவனம் தனக்குள் வைத்திருந்த வரம்பு நூறு கோடிக்கு ஒரு பங்கு. இது தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சியில் வயிறு கலங்கும்.

ஒளிப்பதிவாளர் எட்வர்ட் லாக்மனின் வண்ணங்களையும் விட்டுவிடாதீர்கள். எங்கும் குளிர்காலம், பச்சையும் மஞ்சளும் கலந்த நோய்ப்பட்ட வெளிச்சம். வக்கீல் அலுவலகத்துக்கும் ஓடைக்கரைக்கும் ஒரே நிறம்தான். ஓடையின் கற்கள் வெளுத்துக் கிடப்பதை வில்பர் காட்டும் இடத்தில் பின்னணி இசையை மறந்துவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். பில் கேம்ப் அந்த விவசாயியாகவே மாறியிருக்கிறார். படித்தவர்கள் தன்னை நம்ப மாட்டார்கள் என்று முன்பே தெரிந்துகொண்டவனின் கோபம் அது. அதனால்தான் கைநிறைய வீடியோ கேசட்டுகளோடு வருகிறார். இதற்கு நேர்மாறாக, பிலாட்டின் மனைவியாக வரும் ஆன் ஹாத்வேக்கு எழுதப்பட்டது போதாது. மருத்துவமனைக் காட்சி ஒன்றைத் தவிர அவரைப் படம் வீட்டிலேயே நிறுத்திவிட்டது.

த்ரில்லர் எங்கே என்று கேட்பவர்கள் கார் நிறுத்துமிடக் காட்சிக்குக் காத்திருங்கள். பிலாட் சாவியை நுழைத்துவிட்டுத் திருகத் தயங்குகிறார். ஒரு நொடி நாமும் மூச்சைப் பிடிக்கிறோம். கார் சாதாரணமாகக் கிளம்புகிறது. வெடிப்பதாக இருந்திருந்தால் எதிரி யார் என்றாவது தெரிந்திருக்கும். அவரை அழிக்க வெடிகுண்டு தேவையில்லை, காலம் போதும் என்பதை அந்தக் காட்சி சொல்கிறது.

ஊர்க் குடிநீர் மாசுபட்டதற்காக மக்கள் சார்பில் பிலாட் நடத்தும் வழக்கில் 2004-இல் சமரசம் ஏற்படுகிறது. விஞ்ஞானிகள் குழு ஒன்று ஆராயும், நோய்க்கும் சி-8க்கும் தொடர்பு இருப்பதாக அது சொன்னால் நிறுவனம் ஏற்கும் என்பது ஏற்பாடு. ரத்தம் கொடுக்க ஏறக்குறைய 70,000 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 400 டாலர். வரிசையில் நிற்கும் அந்த முகங்களை அவசரமில்லாமல் பாருங்கள். ஊருக்குள் துரோகி என்று பேச்சு வாங்கியவர்களும் வாங்கவைத்தவர்களும் ஒரே வரிசையில் கையை நீட்டுகிறார்கள். இவ்வளவு பேரின் ரத்தத்தை அலசி முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. முடிவு முழுதாக வந்தது 2012-இல்: சிறுநீரகப் புற்று, விந்தகப் புற்று, தைராய்டு கோளாறு உட்பட ஆறு நோய்கள். வில்பர் 2009-இலேயே இறந்துவிட்டார். நிறுவனம் அதன்பிறகும் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக எதிர்க்க, கோர்ட்டில் பிலாட்டைப் பார்த்த நீதிபதி, இன்னும் நீங்கள் விடவில்லையா என்பதுபோல் கேட்கிறார். படம் அங்கே முடிகிறது. 2017-இல் 3,500-க்கும் அதிகமான வழக்குகள் சுமார் 67 கோடி டாலருக்கு முடிந்தன.

படம் முடிந்ததும் எழுந்துவிடாமல் முதல் சில நிமிடங்களை மறுபடி போட்டுப் பாருங்கள். 1975, இரவு. வேலி தாண்டி வந்த இளசுகள் தண்ணீரில் குதிக்கிறார்கள். முதல்முறை பார்க்கும்போது, சுறாப் படம் பார்த்த பழக்கத்தில், ஆழத்திலிருந்து ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்போம். படகில் வரும் ஆட்கள் விளக்கடித்து அவர்களை விரட்டியதும் அப்பாடா என்றிருக்கும். இம்முறை கண்ணைப் படகின்மேல் வையுங்கள். பிள்ளைகள் ஓடிய பிறகும் அந்த ஆட்கள் தண்ணீரின்மேல் எதையோ தெளித்துக்கொண்டே போகிறார்கள்.