ரைஃபிள் போர்ஸ்கோப்: படம் காட்டும், தீர்ப்புச் சொல்லாது

குழல் தேய்ந்திருக்கிறதா என்பதைவிட, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதே ரைஃபிள் பராமரிப்பில் பெரிய கேள்வி. செல்போனில் இணைத்துப் பார்க்கும் போர்ஸ்கோப் அந்தக் கேள்விக்கு விடை தருகிறது. அதுவே அதன் மதிப்பு. சுமார் 5 மி.மீ. தடிமனுள்ள கம்பி, நுனியில் கேமரா, சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு, முன்னால் திருகி மாட்டும் சாய்வுக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிதான் குழலின் சுவரை நேருக்கு நேர் காட்டுகிறது. பளபளக்கும் உருக்கில் வெளிச்சம் எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் விளக்கைக் குறைத்தே பார்க்க வேண்டும். கம்பியில் சென்டிமீட்டர் குறிகள் இட்டுக்கொண்டால் பழுது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இடம் தெரிந்தால் காரணம் பிடிபடும். தோட்டா அமரும் சேம்பரை அடுத்த தொண்டைப் பகுதியில் முதலைத்தோல் போன்ற வெடிப்புகள் தெரிந்தால், அது வெடிமருந்து வாயுவின் வெப்பம் செய்த வேலை. பிரிட்டிஷ் .303 ரைஃபிளின் வரலாறே இதற்குச் சாட்சி. கரிமருந்துக் காலத்து லீ-மெட்ஃபோர்டின் ஆழமற்ற சுழல் பள்ளங்கள் புகையில்லா வெடிமருந்தான கார்டைட்டின் சூட்டைத் தாங்கவில்லை; 1895-இல் ஆழமான ஐந்து பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்டு குழல் வந்தது. தொடக்கக் கார்டைட்டில் 58 சதவீதமாக இருந்த நைட்ரோகிளிசரின், பிந்தைய வகையில் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டதற்கும் குழல் அரிப்பே காரணம். மாறாக, குண்டு வெளியேறும் முனையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பழி வெடிமருந்துக்கு அல்ல. குழலைத் துடைக்கக் கோணலாக இழுத்த புல் த்ரூ கயிற்றுக்கு. குழல் முழுக்கச் சிதறிய துருக்குழிகள், பழைய பிரைமர் விட்டுச்சென்ற பொட்டாசியம் குளோரைடு உப்பு ஈரத்தை இழுத்ததன் விளைவு. அந்த உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். மேடு, பள்ளம் இரண்டையும் வெட்டிக்கொண்டு ஒரு கருவளையம் ஓடினால், அடைப்பின்மேல் சுட்டதால் குழல் புடைத்திருக்கக்கூடும்.

இலக்கில் குண்டு விழும் விதமே போதாதா என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். குண்டுகள் சிதறுவதை இலக்கு காட்டும், காரணத்தைக் காட்டாது. தொண்டையில் இறுகிய கரிவளையமும் சிதறடிக்கும், அரிப்பும் சிதறடிக்கும். முன்னதற்குச் சுத்தம் செய்தாலே போதும், பின்னதற்குக் குழலையே மாற்ற நேரலாம். உருப்பெருக்கிய படம் நல்ல குழலையும் நோயாளியாகக் காட்டுகிறது என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது, நியாயமானதும்கூட. லேசான தொண்டை வெடிப்போடு துல்லியமாகச் சுடும் ரைஃபிள்கள் ஏராளம். ஆகவே குழலைச் சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் படம் எடுத்து, இலக்குத் தாளோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும். புடைப்பு மட்டும் விதிவிலக்கு: சந்தேகம் வந்தாலே சுடுவதை நிறுத்தி, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுத்துவிடுங்கள்.

துப்பாக்கிச் சங்கங்களும் ஆர்மரர்களும் தயங்காமல் வாங்கலாம். ஆண்டுக்குச் சில முறை மட்டும் சுடுபவருக்குச் சங்கத்தின் கருவியே போதும். எவர் பார்த்தாலும், தோட்டா இல்லை என்று உறுதிசெய்து போல்ட்டைக் கழற்றிய பிறகே கேமராவை உள்ளே விடுங்கள்.