லோயர் கேம்ப் குழாய்கள்

கூடலூர் தாண்டிக் குமுளி மலையேறும்போது, லோயர் கேம்ப் பக்கம் சரிவில் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களைப் பாருங்கள். அந்த மலையில் எனக்கு மிகப் பிடித்தவை அவைதான். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், சுரங்கத்தில் மலையைக் கடந்து இவற்றுக்குள் இறங்குகிறது. மேலே அசையாமல் கிடக்கும்போதே அதற்குள் நிலையாற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 980 ஜூல். தடையே இல்லாமல் விழுந்தால் வேகம் மணிக்கு சுமார் 159 கிலோமீட்டர்! குழாய்க்குள்ளோ உயரம் அழுத்தமாகத் திரண்டு, டர்பைனில் சுழற்சியாக மாறுகிறது. மின்சாரம் தந்த அதே தண்ணீர்தான் அடுத்து கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களுக்குப் பாய்கிறது.