இனமும் விருப்பமும்

1

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதுவதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சினிமாவைக் கலை என்று ஒப்புக்கொள்ளவே நம் இலக்கியவாதிகள் வெகுகாலம் எடுத்துக்கொண்டார்கள். ஆடுபவர் ஒரு பாத்திரமாகி, எதிர்ப்படுகிறவர்களுடன் பேசி, எதைப் பேசுவது என்பதையும் தானே தேர்ந்து கதையை நகர்த்தும் விளையாட்டு வகை ஒன்று உண்டு. விஞ்ஞானப் புனைகதைத் தளத்தில் இந்த வகையில் முக்கியமானது, கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007ல் வெளியிட்ட மாஸ் எஃபெக்ட். இதன் மையப் பாத்திரம் ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்பது ஆடுபவர் கையில். கூடப் பயணம் செய்பவர்களில் சிலரைக் காதலிக்கலாம். அவர்களில் ஒருத்தி லியாரா. அஸாரி என்ற அயல்கிரக இனம், நீலத் தோல். அந்த இனத்தில் பால் ஒன்றுதான், ஆனால் பார்க்கிற கண்ணுக்குப் பெண் ரூபம். ஆண் ஷெப்பர்டும் பெண் ஷெப்பர்டும் அவளைக் காதலிக்க முடியும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டு பெண்கள் காதலிக்கிறார்களே என்று கேட்டால், அவள் பெண் அல்லவே, வேற்று இனமல்லவா என்று பதில் தயாராக இருக்கிறது. தன்பால் காதலுக்கு வேற்றினம் ஒரு திரைச்சீலை. ஆண்களுக்கு இந்தச் சீலை கிடைக்கவில்லை. ஆண் ஷெப்பர்ட் இன்னோர் ஆணைக் காதலிக்க மூன்றாம் பாகம் வரை, 2012 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சீலையை விலக்கிப் படித்தது விமர்சகன் அல்ல, தணிக்கையாளன். 2007 நவம்பரில் சிங்கப்பூர் இந்த விளையாட்டைத் தடை செய்தது. மனிதப் பெண்ணும் அயல்கிரகப் பெண்ணும் நெருங்கும் காட்சிதான் காரணம். ஓரிரு நாளில் தடை போய், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று அனுமதி வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த நாட்டுப் பாராளுமன்றம் 377ஆம் பிரிவை நீக்கி, 377ஏ பிரிவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. அந்த 377ஏ ஆண்களைப் பற்றியது. பெண்களைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லாத இடத்தில் தணிக்கை பேசியது. 377ஏயும் போவதற்கு 2022 ஆகிவிட்டது.

2

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. ஹரியும் ஹரனும் கூட வேண்டுமென்றால் ஹரி மோகினியாக வேண்டும். அரவானை மணக்கக் கிருஷ்ணனும் மோகினியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. அந்த அரவானோ நாகப் பெண்ணுக்குப் பிறந்தவன், பாதி வேற்றினம். நம்மாழ்வார் பராங்குச நாயகியானதும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியானதும் இதே தர்க்கத்தில்தான். ஆண் ஆணிடம் உருகலாம், பெண் குரலை இரவல் வாங்கிக்கொண்ட பிறகு. இதை நம் மரபின் தாராளம் என்று கொண்டாடுகிறவர்கள் இரவலுக்குக் கொடுத்த விலையைச் சொல்வதில்லை. ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைக்கு மோகினி வேஷமல்ல, அது அவளேதான். வேஷம் கிருஷ்ணனுடையது.

3

நம் பத்திரிகைகள் நெடுங்காலம் பயன்படுத்திய சொல் ஓரினச்சேர்க்கை. காதலைச் சேர்க்கையாகக் குறுக்கியது ஒரு குற்றம். அதைவிட விசித்திரம் அதிலுள்ள 'இனம்'. பாலையும் இனம் என்கிறோம், உயிர்வகையையும் இனம் என்கிறோம், ஜாதியையும் இனம் என்கிறோம். 1860ன் இந்தியத் தண்டனைச் சட்டமும் இப்படித்தான்: இயற்கைக்கு மாறான உறவு என்று ஆண், பெண், மிருகம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கியது. விளையாட்டும் தன்பால் காதலையும் வேற்றினக் காதலையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. சட்டம் அடுக்கியது தண்டிக்க, விளையாட்டு அடுக்கியது அனுமதிக்க. ஆனாலும் அடுக்கு ஒன்றே என்பது என்னை உறுத்துகிறது.

இரண்டாம் பாகத்தில் (2010) பெண் ஷெப்பர்ட் காரஸ் என்ற டூரியனைக் காதலிக்கலாம். மனிதர்களும் டூரியன்களும் ஒரு காலத்தில் யுத்தம் செய்தவர்கள். இருந்தும் இந்தக் காதலுக்காக எந்தக் குடியிருப்பும் எரிவதில்லை. நான் இருப்பது தர்மபுரியில். இங்கே 2012 நவம்பரில் ஒரு கலப்பு மணத்தைத் தொடர்ந்து நத்தம் முதலிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. அடுத்த ஜூலையில் மணமகன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். வேற்றினக் காதல் இந்த ஊரில் விஞ்ஞானப் புனைகதை அல்ல. விலை இல்லாத காதலை எழுதுகிற எந்தக் கலையும், அது எத்தனை கிரகங்களைக் கடந்தாலும், இங்கிருந்து பார்க்கையில் பாதிப் பிரக்ஞையோடுதான் இயங்குகிறது.

4

குறை விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இதமான பதிலைத் தேர்ந்துகொண்டே போனால் காதல் கைகூடும். டிராகன் ஏஜ் இரண்டாம் பாகத்தில் (2011) முக்கியத் துணைவர்கள் நால்வர், ஆடுபவர் ஆணானாலும் பெண்ணானாலும் இணங்குவார்கள். இதைச் சமத்துவம் என்றார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத பாத்திரத்துக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா? அது கண்ணாடி.

அடுத்த பாகமான இன்க்விஸிஷனில் (2014) டோரியன் என்ற மந்திரவாதி, பெண் நாயகியின் காதலை மறுக்கிறான். அவனுக்கு ஆண்கள்தான். ஸோலஸ் தன் இனத்துப் பெண்ணைத் தவிர வேறு எவரையும் ஏற்பதில்லை. முதல் மறுப்பில் ஒரு மனிதன் தெரிகிறான், இரண்டாவதில் எனக்குப் பரிச்சயமான ஒரு பெரியவர் தெரிகிறார். மறுப்பு வந்ததும் பாத்திரங்களுக்கு ரத்தமும் சதையும் வந்துவிடுகின்றன. டோரியனின் தகப்பன் ரத்த மந்திரத்தால் மகனின் இயல்பை மாற்ற முயன்றவன். தகப்பனும் மகனும் எதிரெதிரே நிற்கும் அந்தக் காட்சிக்கு மாயாஜாலம் தேவையே இல்லை. மகனை வைத்தியரிடம் கூட்டிப்போகும் வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. இத்தகைய 'சிகிச்சை'களுக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றம் 2021ல் உத்தரவிட நேர்ந்தது.

அந்த விளையாட்டு இந்தியக் கடைகளுக்கு வரவில்லை. 2014 நவம்பரில், உள்ளூர்ச் சட்டங்களை மீறாதிருக்க என்று சொல்லி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தானாகவே விற்பனையை விலக்கிக்கொண்டது. எந்தக் காட்சி என்று சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் 377ஐ மீண்டும் உயிர்ப்பித்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. தணிக்கையாளன் வாசிப்பதற்கு முன்பே வியாபாரி புத்தகத்தை மூடிவிட்டான். இந்த மௌனம் தடையைவிட மோசம், ஏனெனில் தடையோடாவது வாதிடலாம்.

மூன்றாம் மாஸ் எஃபெக்டில் ஸ்டீவ் கோர்டெஸ் என்ற விமானி இறந்துபோன தன் கணவனின் கடைசிச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். சீலை இல்லை, நீலத் தோல் இல்லை. ஒருவன் இன்னொருவனை இழந்திருக்கிறான், அவ்வளவுதான். இத்தனை மெனக்கெடலும் இந்த எளிமைக்கு வந்து சேரத்தான் என்று தோன்றுகிறது.

வங்கியில் வாரிசு நியமனப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: கணக்குதாரருடன் உறவு, ஏதும் இருப்பின். தன்பால் துணைவரை நியமிக்கவும், அவருடன் கூட்டுக்கணக்கு தொடங்கவும் தடை எதுவும் இல்லை என்று 2024 ஆகஸ்டில் விளக்கம் வந்தது. தடை முன்பும் இருந்ததில்லை. கட்டத்தில் எழுதச் சொல்தான் இல்லை. இதே தகடூரில் ஔவைக்கும் அதியமானுக்கும் இருந்தது என்ன என்று கேட்டால், நட்பு என்று எழுதி நம் புலவர்கள் கட்டத்தை நிரப்பிவிடுவார்கள்.

தமிழில் கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978) சீலையில்லாமல் எழுதத் துணிந்தது. ஆனால் அதன் நாயகன் தொழுநோயாளி. அந்த உறவும் நோயின் நிழலில்தான் நிற்கிறது. நோயோ தெய்வமோ வேற்றுக்கிரகமோ தேவைப்படாத ஒரு கோர்டெஸ், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு கோர்டெஸ், நம் உரைநடையில் இன்னும் எனக்குத் தென்படவில்லை. அவனை எழுதுவதற்கு விஞ்ஞானம் அவசியமில்லை. அவன் இல்லை என்று சொல்லும்போது நம் எழுத்தாளன் அதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.